ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
சி மொழியில் இயங்குநிலை அணிகளுக்கு நினைவகம் ஒதுக்கும் முறை பற்றி ஒரு விளக்கம்

முன்னுரை

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வீணாகப் போகிற பொருளாயினும் அதன் அளவை அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. கணிப்பொறியின் நினைவகத்தைக் கையாளும் மாணவர் ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய வாசகம் இது. இதன் பொருளை நான் வகுப்பறையில் கற்கவில்லை. நம் துறையின் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் தலைகுனிந்து நின்று கற்றேன்.

சென்ற ஆண்டு துறை மன்றத் தொடக்க விழாவையொட்டிப் பல போட்டிகள் நடந்தன. கலந்துகொண்டவர்களின் பெயரையும் ஊரையும் தமிழில் அச்சிட்டு ஒட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. சி மொழியை அப்போதுதான் கற்று முடித்திருந்த உற்சாகத்தில் அதற்கென்று ஒரு நிரலே எழுதினேன். ஒவ்வொருவருக்கும் ஊருக்கு 20 இடம், அதை அடுத்துப் பெயருக்கு 60 இடம் என நினைவகத்தில் ஒதுக்கினேன். கதிர்காமம் என்ற சொல்லில் ஆறு எழுத்துகள்தாமே உள்ளன, இருபது இடம் தாராளம் என்று எண்ணினேன். பாகூர், மாகி, ஏனாம் ஆகிய மூன்று ஊர்களைக் கொடுத்துச் சோதித்தேன், சரியாகவே வந்தது. மறுநாள் காலை பட்டியலை அச்சிட்டு, அவசரத்தில் சரிபார்க்காமலே பலகையில் ஒட்டிவிட்டேன்.

முதலாண்டு மாணவி ஒருவர் வந்தார். "அண்ணா, ஊரு சரியா இருக்கு. என் பேரு எங்கண்ணா?" என்று கேட்டார்.

அவர் ஊர் கதிர்காமம். ஊர்ப் பெயர் முழுமையாக இருந்தது. அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கட்டமும், அதையடுத்து 'மம்' என்ற இரண்டு எழுத்துகளும் மட்டுமே இருந்தன. கூர்ந்து பார்த்தபோது கதிர்காமத்தார் எல்லாருக்கும் அதே பெயர். வில்லியனூரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் 'னூர்' ஆகியிருந்தார்கள். பாகூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. "ஆங்கிலத்தில் அடித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று நண்பர் ஒருவர் அறிவுரை கூறினார். தன் பெயரைத் தன் எழுத்தில் காண வந்த ஒருவருக்குச் சொல்லத் தக்க விடை அதுவன்று. பிழை தமிழிலா, கணிப்பொறியிலா, என்னிலா என்று ஆராயத் தொடங்கினேன். அந்த ஆராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

(நிரலில் ஆங்கில எழுத்துகளில் எழுத வேண்டிய சொற்களை இங்கே அவற்றின் ஒலிப்பின்படி தமிழில் தந்துள்ளேன்.)

அணி என்பது யாது?

ஒரே இனத்தைச் சேர்ந்த பல தரவுகளை நினைவகத்தில் இடைவெளியின்றி வரிசையாக வைப்பதே அர்ரே எனப்படும் அணி. திருமணப் பந்தியில் இலை போடுவதை நினைத்துக்கொள்வோம். முதல் இலை எங்கே தொடங்குகிறது என்பதும், ஓர் இலையின் அகலம் எவ்வளவு என்பதும் தெரிந்தால், பத்தாவது இலை எங்கே இருக்கும் என்பதை நடந்து போய்ப் பாராமலே சொல்லிவிடலாம். கணிப்பொறியும் அவ்வாறே செய்கிறது.

நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி உண்டு. ஒரு முழு எண்ணுக்கு 4 பைட் தேவைப்படும் கணிப்பொறியில், முழு எண் அணி ஒன்று 1000 என்ற முகவரியில் தொடங்குவதாகக் கொள்வோம். முதல் எண் 1000இல் இருக்கும், இரண்டாவது 1004இல், ஐந்தாவது 1016இல். தொடக்க முகவரியுடன், எத்தனை இலை தாண்ட வேண்டுமோ அதை அகலத்தால் பெருக்கிக் கூட்டினால் விடை வந்துவிடும். முதல் இலைக்கு எதையும் தாண்ட வேண்டியதில்லை. அதனால்தான் சி மொழியில் அணியின் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்காமல் சுழியிலிருந்து தொடங்குகிறது.

இந்த எளிமையிலேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பத்து இலை போட்ட பந்தியில் பதினோராவது இலையைக் கேட்டாலும் சி மொழி தடுப்பதில்லை. கணக்குப் போட்டு முகவரியைச் சொல்லிவிடும். அந்த இடம் வேறொருவருடையதாக இருக்கலாம் என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. சி மொழியை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியபோது, யூனிக்ஸ் இயக்க முறைமையை எழுதுவதற்கு ஏற்ற விரைவான கருவியாக அது இருக்க வேண்டும் என்பதே நோக்கம். வேகத்தை மொழி தருகிறது. பொறுப்பை எழுதுபவரிடம் விட்டுவிடுகிறது.

எண் தெரிந்த இடமும் தெரியாத இடமும்

அணியின் அளவை நிரல் எழுதும்போதே முடிவு செய்துவிடுவது நிலையான அணி. எண்ணிக்கை மாறாத இடங்களில் இதுவே சாலச் சிறந்தது. ஆண்டுக்கு 12 மாதம் என்பது மாறப்போவதில்லை.

புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுதிகள் 30. கதிர்காமமும் அவற்றுள் ஒன்று. தொகுதிகளின் பெயர்களை வைக்க 30 இடம் கொண்ட அணி போதுமானது. ஆனால் அதே 30ஐ உறுப்பினர் பட்டியலுக்கும் போட்டுவிட்டால் தவறு நேரும். 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேசங்களின் அரசுச் சட்டப்படி மைய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம். ஆகவே பட்டியல் 33 வரை போகும். நமக்குத் தெரிந்ததாக நினைக்கும் எண்ணையும் ஒருமுறை ஐயுற்றுப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நம் கதிர்காமத்திலேயே அமைந்துள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் நாளை எத்தனை பேர் சீட்டு வாங்குவார்கள் என்று இன்றே யாரால் கூற இயலும்? 500 என்று ஒதுக்கி 80 பேர் வந்தால் 420 இடம் வீண். 501ஆவது நபர் வந்தாலோ அவருக்கு இடமில்லை; இருக்கும் இடத்துக்கு அப்பால் எழுதினால் பக்கத்திலுள்ள தரவு அழியும். அதிகமாகக் கேட்டால் விரயம், குறைவாகக் கேட்டால் அழிவு என்னும் இந்த இருதலைக் கொள்ளியிலிருந்து தப்பும் வழியே இயங்குநிலை ஒதுக்கீடு. நிரல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, தேவையை அறிந்த பின், வேண்டிய அளவு இடத்தைக் கேட்டுப் பெறுவது அது.

நம் ஆசிரியர்களில் மூத்தோர் பலர் ஃபோர்ட்ரான் மொழியில் பயின்றவர்கள். ஃபோர்ட்ரான் 77 தரத்தில் இந்த வசதி இல்லை. டைமென்ஷன் என்ற வரியில் பெரியதோர் எண்ணைப் போட்டுவிட்டு, அதற்குள் அடங்கட்டும் என்று காத்திருப்பதே வழக்கம். ஃபோர்ட்ரான் 90 தரத்தில்தான் கேட்டுப் பெறும் அணி அம்மொழிக்கு வந்தது. சி மொழியிலோ இவ்வசதி அதன் நூலகச் செயற்கூறுகளாக முன்பே இருந்தது. 1989ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரம் அவற்றை முறைப்படுத்தியது.

அடுக்கும் குவியலும்

நிரலின் தரவுகள் பெரும்பாலும் இரண்டு பகுதிகளில் வாழ்கின்றன. ஒன்று ஸ்டாக் எனப்படும் அடுக்கு. மற்றொன்று ஹீப் எனப்படும் குவியல்.

ஒரு செயற்கூறு தொடங்கும்போது அதன் உள் மாறிகளுக்கு அடுக்கில் இடம் கிடைக்கிறது. செயற்கூறு முடிந்ததும் அந்த இடம் தானாகவே பறிபோகிறது. விடுதி அறையைக் காலி செய்தபின் அறை எண்ணை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் அங்கே திரும்பிப் போனால் வேறொருவரைத்தான் காண்பார். ஒரு செயற்கூற்றின் உள்ளே அறிவித்த அணியின் முகவரியைத் திருப்பி அனுப்புவதும் அது போன்றதே. நம் செய்முறை வகுப்புகளில் அடிக்கடி காணும் பிழை இது. சில நேரம் விடை சரியாகவே வந்துவிடுவதுதான் இதில் உள்ள கொடுமை.

மேலும், அடுக்கு சிறியது. லினக்ஸ் முறைமையில் பொதுவாக 8 மெகாபைட் வரைதான் இடம் தருவார்கள். 20 லட்சம் தசம எண்களை, எண்ணுக்கு 8 பைட் வீதம் அங்கே வைக்க முயன்றால் 1 கோடியே 60 லட்சம் பைட் வேண்டும். நிரல் தொடங்கியவுடனே வீழ்ந்துவிடும். 1999ஆம் ஆண்டுத் தரம், அளவை இயங்கும்போது முடிவு செய்யும் அணியை நேரடியாகவே அறிவிக்க இடம் கொடுத்தது. ஆனால் அதுவும் பெரும்பாலும் அடுக்கிலேயே அமைகிறது. இடம் போதாவிட்டால் நமக்கு அறிவிக்க வழியில்லை. 2011ஆம் ஆண்டுத் தரம் அந்த வசதியைக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டது. பெரிய அளவுக்கும் நீண்ட வாழ்வுக்கும் குவியலே உகந்தது. அங்கே பெற்ற இடம் நாமாகத் திருப்பித் தரும் வரை நம்முடையது.

கேட்பதும் பெறுவதும்

குவியலில் இடம் கேட்கும் செயற்கூற்றின் பெயர் மாலாக். எத்தனை பைட் வேண்டும் என்று சொன்னால் அத்தனை பைட்டைத் தேடி, அதன் தொடக்க முகவரியைத் தரும். அந்த முகவரியை வாங்கி வைத்துக்கொள்ளும் மாறியே பாயின்டர் எனப்படும் சுட்டு. வகுப்பில் உள்ளோர் எண்ணிக்கையைக் கேட்டறிந்த பின் மதிப்பெண்களுக்கு இடம் பெறும் வரிகள் பின்வருமாறு அமையும்:

இன்ட் *மதிப்பெண்;
மதிப்பெண் = மாலாக்(எண்ணிக்கை * சைஸ்ஆஃப்(*மதிப்பெண்));

இதில் சைஸ்ஆஃப் என்பது ஒரு தரவுக்கு எத்தனை பைட் என்று சொல்லும் குறி. 4 என்று நாமே எழுதிவிடக் கூடாதா என்று கேட்கலாம். முழு எண்ணின் அகலம் கணிப்பொறிக்குக் கணிப்பொறி மாறக்கூடியது. முன்பு 2 பைட் கொண்ட கணிப்பொறிகளும் இருந்தன. மேலும் நாளை முழு எண்ணுக்குப் பதில் தசம எண் வேண்டுமென்று முதல் வரியை மாற்றினால், இரண்டாம் வரியை மாற்றாமலே அளவு தானாகச் சரியாகிவிடும்.

அடுத்த வரியில் செய்ய வேண்டியது, கிடைத்ததா என்று பார்ப்பது. இடம் இல்லாவிட்டால் மாலாக் எதையும் சுட்டாத நல் என்னும் மதிப்பைத் தரும். கடைக்காரர் கையை விரித்த பின்னும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சமையலைத் தொடங்குவோமா? நிரல் எழுதுவோரில் பலர் அதைத்தான் செய்கிறோம்.

மாலாக் தரும் இடம் தூய்மையானது என்று எண்ணிவிடலாகாது. முன்பு அதில் இருந்த மதிப்புகள் அப்படியே கிடக்கலாம். கூட்டுத்தொகைக்கான அணி போன்று எல்லாம் சுழியில் தொடங்க வேண்டுமானால் காலாக் என்ற செயற்கூற்றைப் பயன்படுத்தலாம். அது எண்ணிக்கையையும் ஒன்றின் அளவையும் தனித்தனியே வாங்கி, இடத்தைத் துடைத்துச் சுழியாக்கித் தருகிறது.

வளரும் அணி

எத்தனை பேர் என்று முன்கூட்டியே கேட்டறிய முடியாதபோது என்ன செய்வது? போட்டிக்குப் பெயர் கொடுப்போர் கடைசி நிமிடம் வரை வந்துகொண்டே இருப்பார்கள். இங்கே ரீஆலாக் கைகொடுக்கிறது. முன்பு பெற்ற இடத்தின் முகவரியையும் புதிய அளவையும் சொன்னால், முடிந்தால் அதே இடத்தை நீட்டித் தரும்; முடியாவிட்டால் வேறு இடம் தேடி, பழைய தரவுகளை அங்கே படியெடுத்து வைத்து, பழைய இடத்தை விடுவித்துப் புதிய முகவரியைத் தரும். குடும்பம் பெருகியதும் பக்கத்து மனை கிடைத்தால் வீட்டை நீட்டுவதும், கிடைக்காவிட்டால் சாமான்களோடு வேறு வீட்டுக்குக் குடிபெயர்வதும் போன்றது இது. குடிபெயர்ந்தபின் பழைய முகவரிக்குக் கடிதம் எழுதக் கூடாது. ரீஆலாக் அழைத்தபின் பழைய சுட்டின் நகல்கள் எவற்றையும் பயன்படுத்தக் கூடாது என்பதன் பொருள் இதுவே.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ரீஆலாக் தரும் விடையை அதே சுட்டில் நேராகப் போடலாகாது. இடம் கிடைக்காமல் நல் வந்தால் பழைய இடம் அப்படியே இருக்கும். ஆனால் அதன் முகவரியை நாமே அழித்துவிட்டிருப்போம். ஆகவே விடையை வேறொரு சுட்டில் வாங்கி, நல் இல்லை என்று கண்ட பின்னரே பழைய சுட்டில் மாற்ற வேண்டும்:

புதியது = ரீஆலாக்(பட்டியல், புதிய_அளவு * சைஸ்ஆஃப்(*பட்டியல்));
இஃப் (புதியது != நல்) பட்டியல் = புதியது;

இரண்டாவது, ஒவ்வொரு பெயருக்கும் ஓர் இடம் என்று நீட்டிக்கொண்டே போவது சரியா? ஆயிரம் பெயர்கள் வருவதாகவும், நீட்டும் ஒவ்வொரு முறையும் குடிபெயர நேர்வதாகவும் கொள்வோம். இரண்டாவது பெயருக்கு ஒன்றைப் படியெடுக்க வேண்டும், மூன்றாவதற்கு இரண்டை, ஆயிரமாவதற்கு 999ஐ. மொத்தம் 4,99,500 படியெடுப்புகள். மாறாக, 4 இடத்தில் தொடங்கி, நிரம்பும்போதெல்லாம் இரட்டிப்பாக்கினால் 8, 16, 32 என்று எட்டே முறையில் 1024ஐ எட்டிவிடுவோம். படியெடுப்புகள் மொத்தம் 1020தான். கடைசியில் 24 இடம் மீதமிருக்கும், அவ்வளவே விலை. ஐந்து லட்சத்துக்கும் ஆயிரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறு கூட்டல் கணக்கு காட்டிவிடுகிறது. கணிதத் துறை நண்பர்கள் இதைப் பெருக்குத் தொடரின் கூடுதல் என்று உடனே கண்டுகொள்வார்கள்.

எழுத்து வேறு, பைட் வேறு

இனி நம் அறிவிப்புப் பலகைக்குத் திரும்புவோம். இருபது இடத்தில் ஆறெழுத்துச் சொல் ஏன் அடங்கவில்லை?

நான் ஒதுக்கியவை இருபது எழுத்துகளுக்கான இடங்கள் அல்ல, இருபது பைட்டுகள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஆகவே இரண்டும் ஒன்றே என்ற மயக்கம் பாடநூல் எடுத்துக்காட்டுகளிலிருந்து நம் மனத்தில் பதிந்துவிடுகிறது. கதிர்காமம் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 11 எழுத்து, 11 பைட். இறுதி அடையாளமும் சேர்ந்து 12. என் நிரல் ஒருநாளும் தவறியிருக்காது!

1991இல் வெளிவந்த யூனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி தரப்பட்டது. அதில் உயிரெழுத்துகளுக்கும், அகரமேறிய மெய்களுக்கும், கால், கொம்பு முதலிய குறிகளுக்கும், புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. நம் 247 எழுத்துகளும் இவற்றின் சேர்க்கையால் அமைகின்றன. 'க' என்பது ஒரு குறியீடு. 'கா' என்பது ககரமும் காலும் ஆகிய இரண்டு. 'ர்' என்பது ரகரமும் புள்ளியும் ஆகிய இரண்டு. இக்குறியீடுகளைக் கோப்பில் எழுதப் பெரும்பாலும் பயன்படுவது யூ.டி.எஃப் 8 என்னும் முறை. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த இம்முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும்.

இக்கணக்குப்படி நம் ஊர்களை அளந்து பார்ப்போம்.

மாகி: 2 எழுத்து, 4 குறியீடு, 12 பைட்.
ஏனாம்: 3 எழுத்து, 5 குறியீடு, 15 பைட்.
பாகூர்: 3 எழுத்து, 6 குறியீடு, 18 பைட்.
உழவர்கரை: 6 எழுத்து, 8 குறியீடு, 24 பைட்.
கதிர்காமம்: 6 எழுத்து, 10 குறியீடு, 30 பைட்.
வில்லியனூர்: 6 எழுத்து, 11 குறியீடு, 33 பைட்.

உழவர்கரை, கதிர்காமம், வில்லியனூர் மூன்றும் ஆறெழுத்துச் சொற்களே. ஆயினும் மூன்றின் அளவும் வேறுவேறு. எழுத்தை எண்ணி எதையாவது ஒன்றால் பெருக்கி அளவு காணலாம் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை.

இவற்றோடு ஒவ்வொரு சொல்லுக்கும் முடிவைக் காட்டும் சுழிப் பைட் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பாகூருக்கு 19, இருபதுக்குள் அடங்கியது. நான் சோதித்த மூன்று ஊர்களும் அடங்கியவையே என்பது என் கெடுவாய்ப்பு. கதிர்காமத்துக்கு 31 வேண்டும். முதல் 20 பைட் ஊருக்குரிய இடத்தில் அமர, மீதி 11 பைட் அடுத்திருந்த பெயரின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. இருபதாவது பைட் 'கா' என்ற எழுத்தின் காலுக்கு நடுவே விழுந்தது. காலின் உடைந்த கடைசிப் பைட்தான் பலகையில் கண்ட சிறு கட்டம். அதன் பின்னே வந்தவை 'மம்'. அதன் பின்னே சுழி. பெயர் அங்கேயே முடிந்ததாகக் கணிப்பொறி எடுத்துக்கொண்டது. ஊரை அச்சிடும்போதோ, சுழியைக் காணும் வரை படிப்பதே வழக்கமாதலால், எல்லை தாண்டிப் படித்து முழுமையாக அச்சிட்டது. பிழை செய்த ஊர் அழகாக நின்றது. பிழை செய்யாத பெயர் அழிந்தது. நினைவகப் பிழைகளின் இயல்பே இதுதான். காரணம் ஓரிடத்தில் இருக்கும், காயம் வேறிடத்தில் தெரியும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'கோ' என்பதை ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்து இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்து மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கோரிமேடு என்ற ஊர்ப் பெயர் ஒருவர் தட்டச்சில் 24 பைட்டாகவும், மற்றொருவர் தட்டச்சில் 27 பைட்டாகவும் வரக்கூடும். தமிழக அரசு 2010இல் ஏற்ற டேஸ் 16 என்னும் குறியீட்டு முறையில் எழுத்துக்கு இரண்டு பைட் என்று சீராக வரும். கதிர்காமம் அதில் 12 பைட்தான். ஆயினும் இன்று கைப்பேசியிலும் இணையத்திலும் நாம் பெறும் தமிழ் யூனிகோட் தமிழே. ஆகவே நீளத்தைக் கண்ணால் மதிப்பிடுவதை விடுத்து, கணிப்பொறியையே அளக்கச் சொல்ல வேண்டும். ஸ்ட்ர்லென் என்ற செயற்கூறு தருவது எழுத்தெண்ணிக்கையன்று, பைட் எண்ணிக்கை. இட ஒதுக்கீட்டுக்கு நமக்கு வேண்டியதும் அதுவே.

திருத்திய நிரல்

திருத்திய நிரலில் ஊருக்கும் பெயருக்கும் நிலையான அளவு எதுவும் வைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சுட்டுகள் மட்டுமே. வரியைப் படிக்க எல்லை சொல்லிப் படிக்கும் எஃப்கெட்ஸ் செயற்கூற்றைப் பயன்படுத்தினேன். சொன்ன அளவுக்கு மேல் அது எழுதாது. வரி முழுவதும் வந்ததா என்று பார்த்து, வராவிட்டால் இடத்தை நீட்டி மீதியைப் படித்தேன். வரியிறுதிக் குறியை நீக்கியபின்:

நீளம் = ஸ்ட்ர்லென்(வரி) + 1;
ஊர் = மாலாக்(நீளம்);
இஃப் (ஊர் != நல்) மெம்காப்பி(ஊர், வரி, நீளம்);

நல் வந்தால் செய்தி சொல்லிவிட்டு நிரல் நின்றுவிடும். முதல் வரியில் உள்ள அந்த ஒன்றைக் கூட்டுதல் இன்றியமையாதது. அது சுழிப் பைட்டுக்கான இடம். அதை மறப்பதே சரங்களைக் கையாள்வதில் மிகப் பரவலான பிழை. இப்போது மாகிக்கு 13 பைட், வில்லியனூருக்கு 34 பைட் என்று அவரவர்க்கு வேண்டியது கிடைக்கிறது. யாருடைய ஊரும் யாருடைய பெயர்மேலும் ஏறுவதில்லை.

திருப்பித் தருதல்

வாங்கிய இடத்தைத் திருப்பித் தரும் செயற்கூறு ஃப்ரீ. நூலகத்தில் எடுத்த நூலைத் திருப்பாதவரால் நூலகம் மூடப்படுவதில்லை. ஆனால் எல்லாரும் அவ்வாறே செய்தால் அலமாரி காலியாகும். ஒரு முறை இயங்கி முடியும் சிறு நிரலில் இதன் தீமை தெரியாது, ஏனெனில் நிரல் முடிந்ததும் இயக்க முறைமை எல்லாவற்றையும் மீட்டுக்கொள்ளும். பகலும் இரவும் இயங்கும் மருத்துவமனைப் பதிவு நிரலிலோ வங்கி நிரலிலோ, சீட்டுக்கு நூறு பைட் திருப்பப்படாமல் நின்றாலும் நாளடைவில் நினைவகம் முழுவதும் கசிந்துவிடும்.

திருப்பித் தருவதிலும் முறை உண்டு. பெயர்ப் பட்டியலில் முதலில் ஒவ்வொரு பெயரையும் ஊரையும் விடுவித்து, இறுதியில்தான் சுட்டுகளின் அணியை விடுவிக்க வேண்டும். அணியை முதலில் விட்டுவிட்டால் பெயர்கள் எங்கே இருந்தன என்ற குறிப்பே கையைவிட்டுப் போகும். ஒரே இடத்தை இரண்டு முறை விடுவிப்பதும், விடுவித்தபின் அதில் எழுதுவதும் நிரலை எப்போது எங்கே வீழ்த்தும் என்று கூற இயலாத பெரும் பிழைகள். விடுவித்தவுடன் சுட்டில் நல் என்று எழுதிவைப்பது நற்பழக்கம்.

உலகம் கற்ற பாடம்

அளவறியாமல் எழுதுவது மாணவர் பிழை மட்டுமன்று. 1988 நவம்பர் 2ஆம் நாள் ராபர்ட் மாரிஸ் என்ற அமெரிக்க மாணவர் விடுத்த புழு நிரல் அந்நாளைய இணையத்தில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை முடக்கியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, 512 பைட் மட்டுமே கொண்ட நிலையான அணி ஒன்று. அதில் படித்து எழுதிய கெட்ஸ் என்ற செயற்கூறு, இடம் எவ்வளவு என்று கேட்பதே இல்லை. அளவுக்கு மேல் அனுப்பியவை அடுக்கில் ஏறி நிரலின் போக்கையே மாற்றின. அந்தச் செயற்கூற்றை 2011ஆம் ஆண்டுத் தரம் சி மொழியிலிருந்தே நீக்கிவிட்டது.

2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற குறை இதற்கு மறுதலையானது. ஓபன் எஸ்.எஸ்.எல் என்ற பாதுகாப்பு நூலகம், எதிர்முனையில் இருப்பவர் சொன்ன நீளத்தை அளந்து பாராமல் நம்பியது. சிறு செய்தியை அனுப்பிவிட்டு 64 கிலோபைட் என்று பொய் சொன்னவருக்கு, அந்த அளவு வரை அடுத்திருந்த நினைவகத்தையும் சேர்த்து அனுப்பியது. அதில் கடவுச்சொற்களும் இருக்கக்கூடும். எழுதும்போது மட்டுமன்றிப் படிக்கும்போதும் அளவு வேண்டும் என்பதை உலகம் அன்று கற்றது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றை நான்கு கட்டளைகளாகச் சுருக்கலாம். எவ்வளவு வேண்டும் என்பதை எழுத்தில் அன்றிப் பைட்டில் அளந்து கேட்க வேண்டும். கேட்டது கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். பெற்ற எல்லைக்குள்ளேயே எழுதவும் படிக்கவும் வேண்டும். வேலை முடிந்ததும் மறவாமல், ஒரே ஒரு முறை, திருப்பித் தர வேண்டும். சோதனைக்கு எடுத்துக்கொள்ளும்போது பாகூர் போன்ற குறுகிய பெயரோடு நின்றுவிடாமல், முதலியார்பேட்டை போன்ற நீண்ட பெயரையும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் சொந்த அனுபவம் சேர்க்கும் ஐந்தாவது கட்டளை.

நாளை நம்மில் பலர் நிரல் எழுதும் பணிகளுக்குச் செல்லவிருக்கிறோம். குடும்ப அட்டையிலும் மதிப்பெண் சான்றிதழிலும் மருத்துவச் சீட்டிலும் மக்களின் பெயர்களை அச்சிடும் நிரல்கள் நம் கையில் வரும். அங்கே ஒரு பெயர் பாதியில் அறுந்தால், அறிவிப்புப் பலகையில் நேர்ந்ததைப் போல மறுநாள் கிழித்துவிட்டு வேறு ஒட்டிவிட முடியாது. பெயரைத் திருத்த அலையப்போவது நிரல் எழுதியவர் அல்லர், பெயருக்கு உரியவர்.

திருத்திய பட்டியலை அன்று மாலையே ஒட்டினேன். இம்முறை ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்த பிறகே ஒட்டினேன். அந்த மாணவி வந்து தன் பெயரைத் தேடிக் கண்டார்; முழுமையாக இருந்தது. எதுவும் சொல்லாமல் கைப்பேசியில் அதைப் படமெடுத்துக்கொண்டு போனார். அவருக்கு நான் தர வேண்டியிருந்தது சில பைட்டுகள்தாம். அவற்றை அளந்து தரத்தான் இத்தனையும் கற்க வேண்டியிருந்தது.